முட்டி லிகமென்ட் காயத்துக்கு விற்கும் பிரேஸ்கள்: நடையை வைத்து ஒரு மதிப்பீடு

சர்ஜிக்கல் கடையில் போய் "முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு, பெல்ட் ஒண்ணு குடுங்க" என்றால், பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி "என்ன சைஸ்?" என்பது மட்டும்தான். கிழிந்தது எந்த லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்), அடிபட்டு எத்தனை வாரம், நடக்கும்போது கால் என்ன செய்கிறது என்றெல்லாம் கேட்கும் கடைக்காரர் அமைந்தால் அதிர்ஷ்டம். சில நூறு ரூபாய்த் துணி உறையும் பல ஆயிரம் ரூபாய் உலோகச் சட்டமும் ஒரே அலமாரியில் தொங்குகின்றன. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் ஓடுகிற ஆளின் படம்தான்.

சாதாரண நீ கேப், இருபுறமும் கீல் வைத்த நீ கேப், காலை நீட்டியபடி கட்டும் இம்மொபிலைசர், மடக்கும் அளவைப் பூட்ட டயல் வைத்த ஆர்ஓஎம் பிரேஸ், விளையாட்டு வீரர்கள் போடும் ஃபங்ஷனல் பிரேஸ் ஆகிய ஐந்தையும், கூடவே ஊன்றுகோலையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். டைனர், விஸ்கோ, டைனா என்று உள்நாட்டுப் பெயர்கள் பல. டான்ஜாய், ஆசர் என்று வெளிநாட்டுப் பெயர்களும் உண்டு. மதிப்பீடு பெயருக்கு அல்ல, வகைக்கு. அளவுகோலும் ஒன்றே ஒன்று: அதைப் போட்டபின் நடை சீராகிறதா, கோணுகிறதா?

நல்ல நடை எது என்று தெரியாமல் இதை அளக்க முடியாது. குதிகால் தரையைத் தொடும் கணத்தில் முட்டி ஏறக்குறைய நேராக இருக்கும். மடக்கம் 5 டிகிரிக்குள். உடல் எடை ஏறியதும் 15 முதல் 20 டிகிரி வரை மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். உடல் பாதத்தைக் கடந்து முன்னே போகும்போது மறுபடி நிமிரும். பெருவிரல் தரையை விடும் நேரத்தில் 35 முதல் 40 டிகிரி, கால் காற்றில் வீசும்போது 60 டிகிரி. ஓர் அடிச் சுற்றின் நேரத்தில் சுமார் 60 சதவீதம் பாதம் தரையில் இருக்கும், மீதி 40 காற்றில்.

முட்டிக்குள் குறுக்காக ஓடும் முன்பக்க லிகமென்டான ஏசிஎல் கிழிந்தவருக்கு முதலில் கெடுவது அந்த 15–20 டிகிரி மடக்கம். காரணம் எளிது. முட்டி நேர்நிலைக்கு அருகில் இருக்கும்போது, தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸ் சுருங்கினால் அது கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கும். அந்த இழுப்பைத் தடுத்துப் பிடிப்பது ஏசிஎல். கயிறு அறுந்துவிட்டால் உடல் அந்தத் தசையையே குறைத்துப் பயன்படுத்தப் பழகுகிறது. பெர்ச்சக், ஆண்ட்ரியாச்சி ஆகியோரின் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் குவாட்ரிசெப்ஸ் தவிர்ப்பு நடை என்று பெயர் வைத்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாரும் இப்படி நடப்பதில்லை என்று தெரிந்தது. பலர் முன்தசையையும் பின்தொடைத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கி, முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு, அரைகுறை மடக்கத்தில் நடக்கிறார்கள். எடை ஏறும்போது முட்டி கூடுதலாக மடங்குவதும் இல்லை, நடுவில் நிமிர்வதும் இல்லை. பார்ப்பவருக்குப் பெரிய நொண்டல் தெரியாது. "கொஞ்சம் ஜாக்கிரதையா நடக்கிறாப்ல" என்று மட்டும் தோன்றும். மாதக்கணக்கில் நிலைத்துப்போவது இந்த விறைப்பு நடைதான்.

இதன் கூடவே வீக்கமும் சேர்கிறது. முட்டிக்குள் 20–30 மில்லி நீர் கோத்தாலே தொடையின் உள்பக்கத் தசை அணையத் தொடங்கிவிடும் என்பது உப்புநீர் செலுத்திச் செய்த பழைய சோதனைகளில் தெரிந்த விஷயம். வலி இல்லாவிட்டாலும் அணையும். "காலுக்குப் பலமே இல்லை" என்று சொல்லி இன்னும் கெட்டியான பிரேஸ் தேடுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவை ஐஸ் பையும், காலை உயர்த்தி வைப்பதும், குவாட்ரிசெப்ஸை இறுக்கும் பயிற்சியும். பிரேஸ் எவ்வளவு விலையானாலும் அணைந்த தசையை எழுப்பாது.

மற்ற லிகமென்ட்களின் முத்திரை வேறு. முட்டிக்குள் பின்பக்கக் குறுக்கு லிகமென்டான பிசிஎல் போனால் கீழ்க்கால் எலும்பு பின்னால் சரியும். சமதளத்தில் சமாளித்துவிடுவார்கள், படி இறங்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் தடுமாறுவார்கள். உள்பக்க எம்சிஎல் போனால், முட்டி உள்ளே மடிந்துவிடுமோ என்று எடையை முழுதாக வைக்காமல், லேசாக மடக்கியே நடப்பார்கள். வெளிப்பக்க எல்சிஎல்லும் அதற்குப் பின்னால் முட்டியின் மூலையில் உள்ள திசுக்களும் கிழிந்தால், ஒவ்வோர் அடியிலும் எடை ஏறும்போது முட்டி வெளிப்பக்கமாக வெட்டி விலகும். இந்த வெட்டைக் கண்ணால் பார்க்கலாம். இது கடையில் பெல்ட் வாங்கித் தீரும் காரியமில்லை. இதே காயத்தில் முட்டியின் வெளிப்புறம் ஓடும் நரம்பும் அடிபட்டிருக்கலாம். பாதத்தை மேலே தூக்க முடியாமல் முன்பாதம் தொங்கி, முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். கைபேசியை முட்டி உயரத்தில், நாற்காலி மேல் பக்கவாட்டாக நிறுத்தி, ஸ்லோ மோஷனில் வைத்து, 5 மீட்டர் தூரம் இரு திசையிலும் நடந்து எடுக்க வேண்டும். வேட்டியோ பாவாடையோ வேண்டாம், அரைக்கால் சட்டை போதும். முதல் ஓரிரு அடிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். குதிகால் முதலில் படுகிறதா, எடை ஏறும்போது முட்டி மடங்குகிறதா, நடுவில் நிமிர்கிறதா, அடிபட்ட காலில் நிற்கும் நேரம் மற்றக் காலை விடக் குறைகிறதா என்று பாருங்கள். பிரேஸ் இல்லாமல் ஒரு முறை, போட்டு ஒரு முறை. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் விளம்பர வாசகம் தேவைப்படாது. காலில் ஊன்றி நிற்க முடியாத முதல் நாட்களில் இந்தச் சோதனை வேண்டாம்.

சாதாரண நீ கேப்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எலாஸ்டிக் உறை. எலும்பு நழுவுவதைத் தடுக்கும் வலு இதற்குக் கிடையாது. ஏசிஎல் முழுதாகக் கிழிந்த முட்டியை இது பிடித்து நிறுத்தும் என்று நம்பிப் படியில் இறங்க வேண்டாம். ஆனால் பயனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. தோலின் மேல் இருக்கும் மெல்லிய அழுத்தம், முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குக் கிடைக்கும் செய்தியைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறது. லேசான சுளுக்கு ஆறிக்கொண்டிருப்பவர், இதைப் போட்டதும் முட்டியை விறைக்காமல் மடக்கி நடக்கத் தொடங்குவது வீடியோவில் தெரியும். அதற்கு மட்டும் வாங்கலாம்.

கெடுவது பெரும்பாலும் சைஸில். முட்டிச் சில்லின் நடுவில் டேப் சுற்றி அளந்து, பெட்டியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். சில கம்பெனிகள் சில்லுக்கு மேலே தொடையில் அளக்கச் சொல்கின்றன, அதைக் கவனியுங்கள். வீக்கத்தோடு வாங்கியது வீக்கம் வற்றியதும் தொளதொளக்கும். இறுக்கமானதை எடுத்தால் மேல்விளிம்பு சுருண்டு கயிறாகி, கீழே ஆடுசதை வீங்கும். துணி முட்டிக்குப் பின்னால் சேர்ந்து மடிப்பு விழுந்தால், மடக்கும்போது அது குத்தும். குத்தாமலிருக்க ஆள் மடக்குவதையே குறைத்துக்கொள்வார். எந்த நடையைச் சரிசெய்ய வாங்கினாரோ அதே நடை! சில்லுக்கு ஓட்டை விட்டுத் தைத்த உறையும், பின்பக்கம் மெல்லிய வலைத்துணி உள்ளதும் நம் வெயிலுக்கு மேல். தடித்த நியோப்ரீன் சென்னையிலும் மதுரையிலும் சித்திரை மாதத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வேர்க்குரு கொண்டுவந்துவிடும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இருபக்கம் கீல் வைத்த நீ கேப்

எம்சிஎல் முதல், இரண்டாம் நிலைக் காயத்துக்கு (முழுதாகக் கிழியாதது) எங்கள் தேர்வு இதுதான். சுமார் 1,000 ரூபாயில் தொடங்கும். பக்கவாட்டு வளைவைக் கம்பி தாங்கிக்கொள்வதால், உள்ளே மடிந்துவிடுமோ என்ற பயம் குறைந்து, ஆள் குதிகாலை முதலில் வைக்கத் துணிகிறார். பொதுவாக 3 முதல் 6 வாரம் போட்டால் போதும்.

கடையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கவாட்டில் கம்பி இருப்பதெல்லாம் கீல் ஆகாது. சில மாடல்களில் தட்டையான சுருள் கம்பி மட்டும் செருகியிருப்பார்கள். அது எல்லா இடத்திலும் சமமாக வளையும், பக்கவாட்டுத் தாங்கலும் சொற்பம். உண்மையான கீல் ஓரிடத்தில் மட்டும் திரும்பும், முன்பக்கம் நேராக வந்ததும் "டக்" என்று நின்றுவிடும். ஜிப்பைத் திறந்து கம்பியை உருவி, கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள். ஒற்றை அச்சுக் கீலைவிட இரட்டைப் பல் சக்கரக் கீல் நல்லது, ஏனென்றால் முட்டி ஒரே புள்ளியில் சுழல்வதில்லை. மடங்க மடங்க அதன் அச்சு நகர்கிறது.

வீங்கிய முட்டியில் காலுறை மாதிரி இழுத்தேற்றும் வகையைப் போடுவது சித்திரவதை. முன்பக்கம் முழுதாகத் திறந்து வெல்க்ரோவால் சுற்றும் வகையை வாங்குங்கள். சில்லின் நடுமட்டத்தில் கீலின் நடு வர வேண்டும். அரை நாள் நடந்தபின் அது 2 செ.மீ. இறங்கியிருந்தால் சைஸ் பெரியது, அல்லது தொடை கூம்பு வடிவில் இருக்கிறது. கூம்புத் தொடைக்காரர்கள் உள்புறம் சிலிக்கான் கோடு ஓடும் மாடலைப் பார்க்கலாம். இறங்கிய கீலோடு நடந்தால் முட்டி ஒரு பக்கம் திரும்ப, இரும்பு ஒரு பக்கம் திரும்பும். சில்லின் கீழே உரசல் புண் வரும்.

இம்மொபிலைசர்

நீளமான, நீலமோ கறுப்போ துணி, உள்ளே மூன்று அலுமினியத் தகடு. எலும்பு முறிவு, சில்லு விலகல், அடிபட்ட முதல் சில நாட்கள் என்று இதற்கு உரிய இடங்கள் உண்டு. அறுவைக்குப்பின் இரவில் முட்டி மடங்கிப்போகாமல் வைக்கவும் சிலருக்குச் சொல்வார்கள். லிகமென்ட் காயத்தில் பெரும் சிக்கல், இது அதன் காலத்தைத் தாண்டியும் காலிலேயே இருப்பது. "கழட்டலாமா?" என்று யாரும் கேட்காததால் சில வாரங்கள் மாதங்களாகிவிடும்.

முட்டி மடங்காமல் கால் காற்றில் வீச முடியாது, பாதம் தரையில் இடிக்கும். உடம்பு மூன்று வழி கண்டுபிடிக்கும்: அந்தப் பக்க இடுப்பை உயரத் தூக்குவது, காலைக் கவராயக் கம்பி போல் வெளிப்பக்கமாக வட்டமடித்துக் கொண்டுவருவது, நல்ல காலின் நுனிவிரலில் எம்புவது. மூன்றும் சில நாளில் இடுப்புவலியாக மாறும். கட்டாயம் இதோடு நடக்க வேண்டியவர், நல்ல காலின் செருப்புக்குள் சுமார் 1 செ.மீ. தடிமன் ரப்பர் ஷீட் வெட்டி வைத்தால் பாதம் இடிக்காமல் கடக்கும். செருப்புக் கடைக்காரரிடம் சொன்னால் ஒட்டியே தந்துவிடுவார். வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கும் நம் பழக்கத்தில் இது பாதி நேரம் வேலைக்கு வராது. வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். சில மாடல்களில் அது லேசாக வளைந்து வருகிறது. அதைப் போட்டு வாரக்கணக்கில் படுத்தால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தகட்டைத் தரையில் வைத்து, நேராக உட்காருகிறதா என்று சோதித்துவிட்டு உள்ளே செருகுங்கள். மருத்துவர் குறிப்பிட்டு வளைவு கேட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஆர்ஓஎம் பிரேஸ்

இந்த வரிசையில் அதிகம் தவறாக மாட்டப்படுவது இது. சுமார் 2,500 முதல் 5,000 ரூபாய் வரை உள்நாட்டு மாடல்கள் கிடைக்கின்றன. இருபக்கமும் டயல்; எத்தனை டிகிரி வரை நீட்டலாம், எத்தனை டிகிரி வரை மடக்கலாம் என்று பூட்டிவிடலாம். உள்முட்டிச் சவ்வான மெனிஸ்கஸைத் தைத்தவர்களுக்கு முதல் 4 முதல் 6 வாரம் 90 டிகிரிக்குமேல் மடக்கக் கூடாது என்று சொல்வது வழக்கம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை. வெறும் ஏசிஎல் மாற்று அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் இது வேண்டுமா என்பது வேறு விஷயம். வழக்கமாகப் போடுவதால் முட்டியின் உறுதியோ வலியோ மேம்படுவதாக ஆய்வுத் தொகுப்புகளில் தெளிவான ஆதாரம் இல்லை. சில அறுவை மருத்துவர்கள் கட்டாயம் என்பார்கள், சிலர் பிரேஸே வேண்டாம் என்பார்கள். உங்கள் மருத்துவர் சொன்னதைக் கேளுங்கள். கடைக்காரர் சொன்னதை அல்ல.

மாட்டும் முறையைப் பெட்டித் தாளில் ஒரு சின்னப் படத்தோடு முடித்துவிடுகிறார்கள். கட்டிலில் காலை நீட்டி, குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, முட்டியை முடிந்தமட்டும் நேராக்குங்கள். டயலின் நடு, சில்லின் நடுமட்டத்தில், பக்கவாட்டு நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். முதலில் கட்ட வேண்டியது முட்டிக்குச் சற்றுக் கீழே, ஆடுசதைப் புடைப்புக்கு மேலே உள்ள பட்டை. மொத்தக் கனமும் அந்தப் புடைப்பில்தான் உட்காரும். அடுத்து முட்டிக்கு மேலே உள்ளது, பிறகு கீழ்க்கால், கடைசியாகத் தொடையின் உச்சி. எல்லாரும் செய்வது தொடை உச்சியில் முதலில் இறுக்குவது. பத்தடி நடந்ததும் மொத்தமும் கணுக்கால் நோக்கி இறங்கும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் போதுமான இறுக்கம். எழுந்து நின்று, இருபதடி நடந்து, மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். இந்த இரண்டாம் இறுக்கத்தைத் தவிர்ப்பவர்களே "இது நிக்கவே மாட்டேங்குது" என்று விமர்சனம் எழுதுகிறார்கள்.

உள் டயலும் வெளி டயலும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். ஒன்று 0, மற்றது 10 என்றிருந்தால் கீல் முறுக்கிக்கொள்ளும், முட்டி 0 வரை நீளாது. நீட்டும் பக்கத்தை 10இல் மறந்துவிடுவதுதான் நடைக்கு மிகக் கெட்டது. முழு நீட்டம் 5 டிகிரி குறைந்தாலே நடுவில் நிமிர முடியாமல், குவாட்ரிசெப்ஸ் ஓய்வில்லாமல் வேலை செய்து, மாலைக்குள் சில்லின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். பயிற்சியால் தீர வேண்டிய நொண்டல் அப்படியே தங்கிவிடும். டயல் 0 காட்டுவதால் முட்டி 0வில் இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். தொடைச் சதையும் பஞ்சுத் திண்டும் அமுங்கும். உள்ளே எலும்பு சில டிகிரி மடங்கியே இருக்கலாம். குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இருக்கும் கால்பகுதியைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் வித்தியாசப்பட்டால் பிசியோவிடம் போக வேண்டிய நேரம். அறுவை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகும், நீட்டும்போது முன்னால் ஏதோ தடுக்கிற மாதிரி இருந்தால் அது வடுத் திசுக் கட்டியாக இருக்கக்கூடும். பிரேஸால் அழுத்தித் திறக்கப் பார்க்காதீர்கள்.

அறுவைக்குமுன் முட்டி ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு, கையால் நீட்டினாலும் நீளவில்லை என்றால் மெனிஸ்கஸ் கிழிந்து இடுக்கில் மாட்டியிருக்கலாம். அங்கேயும் எந்தப் பெல்ட்டும் வேண்டாம்.

வீட்டு விஷயங்கள் பெட்டியில் எழுதப்படுவதில்லை. 90 டிகிரிப் பூட்டோடு இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாது. முயன்றால் பின்னால் சாய்ந்து விழுவீர்கள். நாற்காலி கமோடு வாங்கிய பிறகே பிரேஸைக் கட்டுங்கள். பேன்ட்டுக்கு மேல் போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம் என்றாலும் துணி வழுக்கும், மெல்லிய பருத்திக் காலுறை நீளமாகத் தொடைவரை போட்டு அதன்மேல் கட்டுவது நல்லது. வேட்டி, புடவையில் வெல்க்ரோ முனை இழையை இழுத்துப் பாழாக்கும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் முடியும் நூலும் சேர்ந்ததும் பிடிப்பு போய்விடும். பழைய பல்தூரிகையால் தேய்த்து எடுத்தால் மறுபடி பிடிக்கும்.

ஃபங்ஷனல் பிரேஸ்

அலுமினியம் அல்லது கார்பன் சட்டம், நான்கு முனைகளில் அழுத்தம், இறக்குமதி என்றால் பல பத்தாயிரம் ரூபாய். நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ நேமத்துக்காக உருவான பிரேஸே இந்தக் குடும்பத்தின் மூதாதை. குறைந்த விசையில் கீழ்க்கால் முன்னே நழுவுவதை இவை கட்டுப்படுத்துகின்றன. விசை ஏற ஏற அந்தக் கட்டுப்பாடு கரைகிறது. கபடியில் பாடிப்போகிறவரைக் காலைப் பிடித்து மடக்கும்போது வரும் முறுக்கை இது தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. உலோகச் சட்டத்தோடு களத்தில் இறங்க அனுமதி உண்டா என்றும் முன்கூட்டியே நடுவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெருவில், ஆபீஸில் நடக்க மட்டும் இதை வாங்குவது வீண்செலவு என்பது எங்கள் கருத்து. ஏசிஎல் இல்லாமலேயே வாழ முடிவு செய்தவர், மேடுபள்ளமான வயல் வரப்பிலோ கட்டடத் தளத்திலோ வேலை செய்பவர் என்றால் கணக்கு மாறும். பிசிஎல்லுக்கான பிரேஸ் தனி, அது கீழ்க்காலைப் பின்னாலிருந்து முன்னே தள்ளும். ஏசிஎல் பிரேஸைப் பிசிஎல் காயத்துக்குப் போட்டால் எதிர்த் திசையில் வேலை செய்யும். அளவு எடுப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். தொடைச் சுற்றளவைச் சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே எடுப்பார்கள். அடிபட்ட சில வாரங்களில் தசை வற்றியிருக்கும்போது எடுத்த அளவு, பயிற்சியில் தசை திரும்பியதும் பொருந்தாது. தொடை அளவு இரண்டு காலிலும் ஓரளவு சமமாகும்வரை காத்திருப்பது பணத்தைக் காக்கும்.

ஊன்றுகோல்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நடைக்கு அதிகம் உதவுவது இதுதான். அதிகம் அவமானப்படுத்தப்படுவதும் இதுதான்; "கட்டையெல்லாம் எதுக்கு, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று இரண்டாம் நாளே மூலையில் சாத்திவிடுவார்கள். அடுத்த வாரம் ஒழுங்காக நொண்ட ஆரம்பித்துவிடுவார்கள், அந்த நொண்டல் பழகிவிடும். எடையைக் கையில் பகிர்ந்துகொண்டு குதிகால்–மடக்கம்–நிமிர்வு என்ற வரிசையை மெதுவாகவேனும் சரியாகச் செய்வது, ஊன்றுகோல் இல்லாமல் வேகமாகத் தவறாக நடப்பதைவிடப் பலமடங்கு மேல்.

கக்கத்துக் கட்டையைவிட முழங்கைப் பிடி வைத்த எல்போ க்ரட்ச் எங்கள் தேர்வு. கக்கத்துக் கட்டையின் மேல்திண்டில் உடம்பைத் தொங்கவிட்டால் கைநரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும். திண்டுக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். எந்த வகையானாலும், வழக்கமான செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். பிடித்தபோது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். உயரத்தைக் கூட்டிக்குறைக்கும் பொத்தான் இரண்டு பக்கமும் முழுதாக வெளியே எட்டிப்பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது அந்த ஒன்றை அடிபடாத பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் அடிபட்ட பக்கம் பிடிக்கிறார்கள். அப்போது உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து நொண்டல் கூடும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். பஸ்ஸின் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம் என்பதால், முதல் வாரங்களில் ஏறும்போது கைப்பிடிக் கம்பியை ஒரு கையிலும் ஊன்றுகோலை மறுகையிலும் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டு போங்கள்.

எப்போது விடலாம்? படுத்தபடி காலை நீட்டியே உயர்த்தும்போது முட்டி தொய்யாமல் இருக்க வேண்டும், முழு நீட்டம் வந்திருக்க வேண்டும், மாலையில் வீக்கம் ஏறாமல் இருக்க வேண்டும், வீடியோவில் இரண்டு காலிலும் நிற்கும் நேரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் சில நாள் கையில் இருக்கட்டும். ஆடுசதையில் மட்டும் ஒரு பக்கம் வலியும் வீக்கமும் சூடும் கூடினால் நடைப் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.

வாங்கும்போது இன்னும் ஒரு விஷயம். உடம்பில் பட்ட பொருள் என்று பெரும்பாலான கடைகளில் பிரேஸைத் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் வாங்கினாலும் இதே கதிதான். ஆகவே கடையிலேயே மெல்லிய துணி சுற்றி மாட்டி, கடைவாசலில் பத்து மீட்டர் நடந்து பார்த்த பிறகு காசு கொடுங்கள். ஊன்றுகோலுக்கு மாற்று ரப்பர் முனை இரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடிப்பாகத்தின் வரிகள் தேய்ந்து வழவழப்பானதும், மழைநாளில் மொசைக் தரையில் அது வழுக்கும்.